பேர் பதியாதவள்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அன்னலட்சுமியின் மடியில் ஒரு வெற்றிலைகூட இல்லை. ஆனாலும் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை செல்லத்துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவளுக்குக் கண் மங்கினால் பிறகு என்ன இருக்கிறது? பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி உள்ளே இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். காயத்தைக் கண்டால் ஆளை நிறுத்திவிடுவார்கள்.

வேலை போவதில் அவளுக்குக் கவலையில்லை, சனியன் பிடித்த வேலை. கவலையெல்லாம் மகள் கேஷானிதான். புருஷன் செத்த வீடு. தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தாய் நின்றால் மகள் போக வேண்டியதுதான். கேஷானியோ பல்கலைக்கழகத்துக்கு எடுபட ஏ.எல். பரீட்சைக்குப் பயோ படிக்கிறாள். சனிக்கிழமையானால் பஸ் ஏறி அவிசாவளைக்கு டியூசனுக்கு ஓடுகிறாள்.

"கேம்பஸ் கெடைச்சிட்டா ஒன்னைய இங்கேருந்து கூட்டிட்டுப் போயிருவேம்மா" என்பாள்.

பரீட்சை முடியும்வரை கண்ணை மறைத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அங்கேயும் போகவில்லை, பைத்தியக்காரி.

பரீட்சைக்குப் படிக்கப் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டதும், வீட்டிலிருந்த மகள் தாயின் கண் மங்கியதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து விடியற்காலையில் தாயோடு மலையேறி, கீழ் வரிசையைத் தாய்க்கு விட்டு, மேல் வரிசை மரங்களை அவளே வெட்டினாள். வெட்டிக்கொண்டே இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் ஒப்பிப்பாள். "கத்திய வச்சிட்டுப் படிடி" என்று அன்னலட்சுமி ஏசுவாள். வாய்தான் ஏசியது, கத்தியைப் பிடுங்கவில்லை. பிள்ளையின் நேரத்தைத் தானே தின்கிறோமே என்று உள்ளுக்குள் பதறினாள்.

ஒருநாள் கணக்கப்பிள்ளை நடந்தே வந்துவிட்டார். மேல் வரிசையில் மரம் மரமாகத் தடவிப் பார்த்தார்.

"அன்னலட்சுமி, இது ஒன் வெட்டா?"

"ஆமாங்கய்யா."

"பொய் சொல்லாத. கீழ் வரிசையையும் பாத்துட்டுத்தான் வாறேன், கண்ணு தெரியாத வெட்டு அது."

கேஷானி கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மனுஷன் ஏசுவார் என்று பார்த்தால் சிரித்தார். வினை அந்தச் சிரிப்பில்தான் வந்தது.

"என்னா கை இது! நாளைக் காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்கு இவள அனுப்பு, பேர் பதிஞ்சிரலாம். காம்பராவும் ஒங்களுக்கே. நீ போய் ஒன் கண்ணப் பாரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். கேஷானி தாயின் கண்களைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கய்யா" என்றாள்.

அன்னலட்சுமி இத்தனை நாள் பயந்ததெல்லாம் இந்தச் 'சரி'க்குத்தானே! மகள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. எம்பேர வெட்டிருங்க. காம்பராவையும் எடுத்துக்குங்க. இவ பேரு மட்டும் பதியக்கூடாது."

"கூறு கெட்டவளே, பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவ?"

"தெரியலைங்கய்யா." மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு என்னாடி வேடிக்கை? போய்ப் படி!"