திருகு மூடிக் கலர்

கையால் திருகித் திறக்கிற பீர் பாட்டிலுக்கு இரண்டாந்தரம் மூடி போடவே முடியாது என்று காரைக்குடியில் எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. போட்டுக் காட்டியவள் நான். சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரியும். தெரியட்டுமே!

பீர் பாட்டில் என்றதும் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். நான் அடைத்தது இஞ்சிக் கலர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஆள் வந்தால், "கலர் குடிக்கிறீகளா?" என்று கேட்டுக் கையோடு கடைக்கு ஓடுவோம். சிவப்போ மஞ்சளோ, திறந்ததும் பொங்கினால் அது கலர். குழந்தைக்கும் கொடுக்கலாம், சம்பந்திக்கும் கொடுக்கலாம். அந்தப் பேரை நம்பித்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

என் வீட்டுக்காரர் சவூதியில் பைப் ஃபிட்டராக இருந்தவர். அங்கே இருந்த வரைக்கும் குடி கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. ஊருக்கு வந்து, கல்லல், வலையபட்டி என்று தோட்டம் தோட்டமாக மோட்டார் ரிப்பேருக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சாயங்காலம் வந்து, குளித்துவிட்டு, கொல்லைப் படியில் உட்கார்ந்து சின்ன பாட்டில் பீர் ஒன்றைத் திருகித் திறப்பார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. குடித்துவிட்டு ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போடாததால் விட்டுவிட்டேன்.

ஒரு தவக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கிக் கண் மஞ்சளாகிப் போனது. மதுரையில் காட்டினோம். ஈரல் கெட்டிருக்கிறது, இனி ஒரு சொட்டு தொட்டாலும் என்னிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். குடித்தது இவர், பேச்சு வாங்கியது நான்.

இவர் அன்றைக்கே நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலமானால் கை சும்மா இருக்கவில்லை. அதே கொல்லைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பார், மூடுவார், திறப்பார், மூடுவார்.

"என்னங்க, ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"குடிக்கணும்னு இல்ல. திருகுனா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அந்தச் சத்தம் இல்லாம பொழுது போக மாட்டேங்குது."

இன்றைக்குச் சத்தத்தைத் தேடுகிற மனுசன் நாளைக்குச் சரக்கைத் தேட எம்புட்டு நேரமாகும்? கோலி சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தேன். "இத அமுக்கணும்டி, திருக முடியாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு யோசனை வந்தது. அவர் கை கேட்கிற அதே பாட்டிலைக் கொடுப்போம். உள்ளே இருப்பது மட்டும் நான் போட்ட சரக்காக இருக்கட்டும்.

இஞ்சி வேலை பெரிய வித்தை இல்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். இஞ்சியைத் துருவிச் சர்க்கரையோடு தண்ணீரில் போட்டு வைத்தால் இட்லி மாவு மாதிரி தானாகப் பொங்க ஆரம்பிக்கும். அதை எலுமிச்சையும் வெல்லமும் கலந்த தண்ணீரில் ஊற்றி இறுக்கி மூடி வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே கேஸ் கட்டிக்கொள்ளும். இறுக்கி மூடுவதில்தான் இருந்தது சங்கதி.

பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்த காலி பாட்டில் மூட்டையை அவிழ்த்து, லேபிளை ஊறவைத்து உரித்து, பிரஷ் விட்டுக் கழுவி, மொட்டை மாடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து வீட்டு லாத்தா துணி காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யா அல்லா! என்னம்மா இது? அவுக விட்டுட்டாகன்னு நீ ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா லாத்தா. ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கவா?" என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மூடிக்கு சோடா கம்பெனிக்காரரிடம் போனேன். பாட்டிலை வாங்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அக்கா, இதுல திருகு மரை ஓடுது. நம்ம தகர மூடி இதுல பிடிக்காது, கேஸ் கசிஞ்சிரும். ஓங்கி அமுக்குனீகன்னா கழுத்து சில்லு விட்டுரும். வேணாம், விட்டுருங்க." நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு பை நிறைய புது மூடியை எடுத்துக் கொடுத்து, "ஒத்தப் பாட்டில் நின்னுச்சுன்னா எனக்குக் கொண்டாந்து குடுங்க, குடிச்சுப் பாக்குறேன்" என்று நக்கலாகச் சொன்னார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இரண்டு கைப்பிடி வைத்த மூடி அடிக்கிற சாமான் ஒன்று வாங்கி அழுத்தினேன். ஒரு பக்கம் சாய்ந்து அழுத்தியதில் கழுத்து சில்லு விட்டது. கண்ணாடித் துகள் உள்ளே விழுந்திருக்குமோ என்று அந்தப் பாட்டிலைச் சரக்கோடு தூக்கிப் போட்டேன். சில்லு விடாமல் தப்பித்ததெல்லாம் கசிந்து, குழாய்த் தண்ணீர் மாதிரி சப்பென்று கிடந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் இவர் வழக்கத்தை விட ரொம்ப லேட்டாக வந்தார். வரும் வழியில் அந்தக் கடை இருக்கிறது. குளிக்கப் போனதும் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. டீசலும் வியர்வையும்தான் அடித்தது. ஆனால் சட்டையை மோந்து பார்த்தே மிச்சக் காலத்தை ஓட்ட முடியுமா? மறுநாளே மேசையில் நிற்க வைத்து நேராக அமுக்குகிற மிஷின் ஒன்றை வரவழைத்தேன்.

மூடிகளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தேன். உள்ளே ஒட்டியிருக்கிற மெல்லிய வளையம் இளகி, மரையோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்று. மூடியை வைத்து, அடித்து இறக்காமல், மெதுவாக நேராக அமுக்கினேன். பிறகு பாட்டிலைக் கால்வாசி திருப்பி இன்னொரு அமுக்கு. கூடவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே சரக்கை ஊற்றி வைத்தேன். அதைத் தொட்டுப் பார்த்துக் கல்லு மாதிரி ஆனதும், கண்ணாடிப் பாட்டிலிலும் கேஸ் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டு, வெடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் வாளியில் தலைகீழாகப் பிடித்தேன். கசிந்தால் குமிழி வரும். வரவில்லை. இன்னொன்றைப் பிடித்தேன், அதிலும் வரவில்லை. "வரலடா! வரலடா!" என்று நான் போட்ட கத்தலில் இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

அன்று சாயங்காலம் கொல்லைப் படியில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். ஃபிட்டர் கை இல்லையா, ஒரே திருகு. புஸ்ஸென்று சத்தம் வந்து நுரை அவர் விரல் மேல் வழிந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நின்று பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும் என்று தோசை ஊற்ற உள்ளே போய்விட்டேன். காலி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

அதிலிருந்து தினமும் ஒரு பாட்டில். தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. கழுவுவேன், மறுபடி அடைப்பேன். கால் வீக்கம் வடிந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் தேறி வருகிறது என்று டாக்டரே சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து நின்றவர்களிடமெல்லாம் என் இஞ்சிக் கலர் குடியை நிறுத்திய கதையைச் சொன்னேன். சோடா கம்பெனிக்காரரிடம் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். திறந்து குடித்து, ஏப்பம் விட்டு, "ஒத்துக்கிறேன்க்கா" என்றார். லாத்தாவுக்கு மட்டும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், பாட்டிலைப் பார்த்தால் அவருக்கு ஆகாது.

நான் காலேஜ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாத்திவிட்டு நான் வீடு வந்து சேர்வதற்குள் அநேகமாக அவர் பாட்டில் காலியாகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது, வரவே இல்லை. வெயில் தாழக் கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, கொல்லை வழியாக நுழைந்தேன். இவர் படியில் உட்கார்ந்து பாட்டிலைத் திருகித் திறந்தார். திறந்ததைக் காதுப் பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நுரை அடங்குகிற வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்து, ஒரு சொட்டு வாயில் படாமல், மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றினார்.

"அடப்பாவி மனுசா! என்ன செய்றீக?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டிலை ஒளிக்கப் பார்த்தார், எங்கே ஒளிப்பது?

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மொத நாள்லருந்தே."

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. "எம்புட்டு இஞ்சி சீவியிருப்பேன்! விரலெல்லாம் எரிய எரியச் சீவுனேனே! பிரமாதம்னு சொன்னீகளே!"

"சத்தம் பிரமாதமாத்தான இருந்துச்சு. அதத்தான் சொன்னேன்" என்றார். பிறகு மெதுவாக, "நீ பாட்டில் கழுவ ஆரம்பிச்சப்பவே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். தானாப் பொங்குற எதுலயும் கொஞ்சமாவது ஆல்கஹால் இருக்கும், ஒங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டாரு."

கலர், கலர் என்று சொல்லிச் சொல்லி, அதற்குள்ளும் அது துளி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கசிஞ்சுக்கிட்டே கெடக்கவும் நீயே விட்டுருவேன்னு இருந்தேன். கடைசில வாளிய வச்சுக்கிட்டு, வரலடா வரலடான்னு குதிச்ச பாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கலர்தான் இவரை நிறுத்தி வைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே! அத்தனை சாயங்காலமும் ஜில்லென்று நுரைத்த பாட்டில் இவர் கையில் இருந்திருக்கிறது. வீட்டில் நான் இல்லை, பார்க்க ஒரு ஆளில்லை. உதட்டில் வைக்காமல் ஊற்றியிருக்கிறார். கோபத்தில் அழுகிறேன் என்றுதான் அவரிடம் சொன்னேன். பொய். என் புருசனை நினைத்துப் பெருமை தாங்காமல்தான் அழுதேன்.

இப்போதும் பாட்டில் அடைக்கிறேன், இன்னும் ஒன்றுகூடக் கசியவில்லை. சாயங்காலம் கடையை அவசரமாகச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். அவர் திருகித் திறந்து, அடங்குகிற வரைக்கும் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டுகிறார். குடிப்பது நான்.