மாக் மண்டினுக்கு நான் சொன்ன பதில்

மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச் லைட். கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும். அதன் வெளிச்சம் என் முகத்தில் வந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் கண் தானாகச் சுருங்குகிறது. வெளிச்சம் போட்டுப் பார்க்கிற அளவுக்கு இந்த மூஞ்சியில் ஒன்றுமில்லை என்று என் மனைவி சொல்வாள். பேக்டரி வேன் ஓட்டிய அண்ணன் அதில் தேடியது அழகை இல்லை.

நான் ஈப்போக்காரன். சில வருடங்களுக்கு முன்பு, பாயான் லெப்பாஸ் பேக்டரி ஒன்றில் புது மெஷின் பழகி வா என்று இரண்டு வாரத்துக்கு என்னைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். மெஷின் என்னைப் பழகிக்கொண்டது. நான் அதைப் பழகவில்லை. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை. பேக்டரி வேனில் போய் வந்தேன். வேன் அண்ணன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். போய்ச் சேருகிற இடம்தான் பேர். மாலை ஷிப்ட் முடிந்ததும் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, "ஜெலுத்தோங்!" என்பார். "இருக்கேன்ணே." "ஆயர் ஈத்தாம்!" "இருக்கேன்ணே." கடைசியாக இறங்குகிற நான் "சூலியா தெரு." எல்லாப் பதிலும் வந்த பிறகுதான் வண்டி நகரும்.

கடைசி சீட்டு அக்காதான் "மாக் மண்டின்." படகுத்துறையில் இறங்கி, பெர்ரி பிடித்து, அந்தக் கரைக்குப் போகவேண்டும். எப்போதும் ஓடிவந்து கடைசியாக ஏறுவார். மூக்கால் இழுத்து, "இருக்கேன்ணே, போலாம்லா!" என்பார். மூன்றாம் நாளே அந்தக் குரல் என் தொண்டைக்கு வந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். வேனே சிரிக்கும். "என் குரல எடுத்துக்கிட்டியே, மூக்கையும் எடுத்துக்க தம்பி, சளி ஓயல" என்று குடையால் என் மண்டையில் ஒரு போடு போடுவார். படிப்பில் வாங்காத கைத்தட்டலை வேனில் வாங்கினால் மனிதனுக்குத் தலைகால் புரியுமா?

இரண்டாவது வாரம், ஒரு நாள் மதியத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழவில்லை, குறுக்கே அடித்தது. ஷிப்ட் முடிந்து வேனுக்கு ஓடியபோது கார் பார்க்கில் கணுக்கால் தண்ணீர். வேனுக்குள் விளக்கு எரியவில்லை. கூரையில் மழைச் சத்தம். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "மாக் மண்டின்!" பதில் இல்லை. அக்கா பயத்தில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்திருக்கலாம். அதற்கு எங்கே நேரம்? எனக்கு வாய் அரித்தது. "இருக்கேன்ணே, போலாம்லா!"

யாரும் சிரிக்கவில்லை. வேன் கிளம்பியது.

கால் மணி நேரம் போயிருக்கும். சாலையோர மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. தண்ணீர் வேன் படியைத் தொட்டது. "அக்கா, பெர்ரி ஓடாதுபோல. இங்க யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டார் அண்ணன். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டு காலி.

"அண்ணே... அது நான்."

அவர் திட்டவில்லை. வண்டியைத் திருப்பினார்.

பேக்டரி வாசல் பஸ் நிறுத்தத்தில், சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி, கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றார் அக்கா. தண்ணீர் பெஞ்சுக்கு மேலே ஓடியது. சாலைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு லோங்காங் உண்டு. அந்தச் சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கும் ஒரே பழுப்பு. "இறங்கு. என் பெல்ட்ட பிடிச்சிக்க" என்றார் அண்ணன் என்னிடம். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்கிற தைரியமும் இல்லை. ஒரு கையில் டார்ச்சோடு அண்ணன், வேனில் கிடந்த குடையின் காம்பால் தரையைக் குத்திக்குத்தி, லோங்காங்மேல் போட்ட சிமெண்டுப் பலகையைத் தேடிப்பிடிக்க, அதன் வழியே அக்காவைக் கூட்டிவந்தோம். பாதியில் அவர் செருப்பு ஒன்று போனது. எவ்வளவு வேகமாகப் போனது என்று பார்த்தேன்.

வேனில் ஏறியதும் அக்கா நடுங்கிக்கொண்டே கேட்டார்: "பின்னாடியே ஓடியாந்து கத்தினேண்ணே. நான் ஏறவே இல்ல, எனக்காக யாரு பதிலு சொன்னது?"

பாழாய்ப்போன என் வாய், அப்போது பார்த்து மூடிக்கொண்டது.

"நான்தான்மா தப்பு பண்ணிட்டேன், மழை சத்தத்துல காதுல சரியா விழல" என்றார் அண்ணன்.

மறுநாளிலிருந்து அவர் ஊர் சொல்லிக் கூப்பிடவில்லை. டார்ச்சைத் தொடையில் தட்டி, ஒவ்வொரு சீட்டாக முகத்தில் அடித்துப் பார்ப்பார். என் முகத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்ச நேரம் நிற்கும். அக்கா எப்போதும்போல என் மண்டையில் குடையால் தட்டினார். அது வலித்தது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கு போனேன். மத்தியானமே இருட்டிவிட்டது. அதே காற்று. சூலியா தெருவில் தண்ணீர் ஏற, பழைய அறைக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் ஓடினேன். கடைசி ஆளை இறக்கியபின் அண்ணன் தேநீர் குடிக்கிற கடை அது. கரண்ட் போனது. இருட்டில் யாரோ தொடையில் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம். வெளிச்சம் நேராக என் முகத்துக்கு வந்தது.

"சூலியா தெரு!"

"இருக்கேன்ணே." என் சொந்தக் குரல் அவ்வளவு மெலிசு என்று எனக்கே தெரியாது.

வெளிச்சம் நகரவில்லை. வெளியே தகரக்கூரை ஒன்று பிய்ந்து தெருவில் உருண்டது.

"மாக் மண்டின் அக்கா போன் நம்பர் இருக்காண்ணே? அவங்க அன்னிக்கு கேட்டதுக்கு நான் இன்னும் பதிலு சொல்லல" என்றேன்.

டார்ச் அணைந்தது. இருட்டில் அவர் சட்டைப்பையில் போனைத் தேடுவது கேட்டது.