எத்தனை இலை?

1. கார் போன பிறகு

காரை விற்றுவிட்டோம் என்று முதலாளி சொன்னபோது எனக்கு வந்த முதல் கவலை மதியச் சாப்பாட்டைப் பற்றியது.

சுற்றுலா வழிகாட்டி வேலையில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கோபாலபுரத்தில் ஒரே அறையில் நடக்கிற சின்ன டிராவல்ஸ் எங்களுடையது. அங்கே ஒரு சட்டம் உண்டு: கெஸ்ட் சாப்பிடும்போது கைடு கூட உட்காரக் கூடாது. கெஸ்ட் செலவில் கைடு வயிறு வளர்த்தார் என்று ஒரு காலத்தில் யாரோ புகார் கொடுத்ததால் வந்த சட்டம். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கெஸ்ட்டை ஓட்டலுக்குள் அனுப்பிவிட்டு, நானும் டிரைவர் சேகர் அண்ணனும் காருக்குள் டப்பாவைத் திறப்போம். அவர் வீட்டு மீன் குழம்பை நானும், என் எலுமிச்சைச் சாதத்தை அவரும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம்.

"இனிமே காரு கட்டுப்படி ஆகாதும்மா. பஸ்ஸு, பறக்கும் ரயிலு, நடை. ஃபாரின்ல இப்ப இதான் ட்ரெண்டு. 'கார் இல்லாத சென்னை'ன்னு பேரே வெச்சாச்சு," என்றார் முதலாளி.

கெஸ்ட்டுகளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சேகர் அண்ணன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் மயிலாப்பூர் குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நங்கநல்லூர் வீட்டிலும் நான் ஒருத்திதான், மகள் புனேவில். ஆக, மூன்று வேளையும் பேச்சுத் துணை இல்லாத சாப்பாடு என்று ஆகிவிட்டது.

2. பனகல் பார்க்கிலிருந்து லஸ்

கார் இல்லாத டூருக்குத் தனியாக வந்த பாண்டியம்மாள் டீச்சர் கோவில்பட்டிக்காரர். பள்ளியில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தி.நகரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். பிக்கப்புக்குப் போனபோது கேன்வாஸ் ஷூவோடு வாசலில் தயாராக நின்றார்.

அடையாறில் தங்கை மகள் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் ஏன் லாட்ஜ், ஏன் பஸ் என்று கேட்டேன்.

"அவ நல்ல பிள்ளைதான். காரையும் டிரைவரையும் அனுப்பி வைக்கேன் பெரியம்மா, சுத்திப் பாருங்கன்னா. நீ வாரியான்னு கேட்டேன். லீவு இல்லைன்னுட்டா. கார் எதுக்கும்மா எனக்கு? அது நம்மகூட பேசிக்கிட்டா வரும்?"

பனகல் பார்க்கில் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. சென்னை பஸ்ஸில் டிக்கெட் காசு கைமாறித்தான் போகும். முன்னால் நின்ற ஒருவர் டீச்சரின் தோளைத் தட்டி, நோட்டை நீட்டி, "லஸ் ஒண்ணு, பாஸ் பண்ணுங்கம்மா," என்றார். டீச்சர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாரு துட்டும்மா இது? எங்கிட்ட எதுக்குக் குடுக்காரு?"

பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். "இன்னாம்மா, நோட்டைக் கைல வெச்சினு நிக்கிற? இப்புடி தள்ளும்மா."

நான் விளக்கியதும் நோட்டைப் பின்னால் தள்ளினார். டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் அவர் கைக்குத் திரும்பி வந்தன. முன்னால் கொடுத்தார். பிறகு அவரே கையை நீட்டி நீட்டி வாங்க ஆரம்பித்துவிட்டார். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காக ஸ்டாப்பை மாற்றியிருந்தார்கள். இறங்கும்போது, "ரிட்டையர் ஆன பெறகு இன்னைக்குத்தான் ஒருத்தர் எங்கிட்ட ஒரு வேலை சொல்லியிருக்காக," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் மாட வீதிப் பக்கத்து மெஸ்ஸில் அவரை உட்கார வைத்துவிட்டு வழக்கம்போலக் குளத்துக்குப் போனேன். நான் டப்பாவை மூடுவதற்குள் அவர் வெளியே வந்து நின்றார். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையைப் பார்த்துவிட்டு லாட்ஜில் விட்டேன்.

3. அதே டூர்

இரவே முதலாளி கூப்பிட்டார். "அந்த டீச்சர் நாளைக்கும் அதே டூர் வேணுங்கறாங்க. மகாபலிபுரம் சொல்லிப் பார்த்தேன், வேணாமாம். பார்த்ததையே பார்த்து இன்னா பண்ணப் போறாங்க?"

எனக்கும் புரியவில்லை. மறுநாள் மெஸ்ஸில்தான் புரிந்தது. "ரெண்டு சாப்பாடு," என்றார் டீச்சர். சர்வர் இரண்டு இலை போட்டார்.

"எங்க சார் திட்டுவாரு டீச்சர்," என்றேன்.

"நேத்து எனக்கு எதிர்ல ஒருத்தர் உக்காந்தாரு. போனைப் பார்த்துக்கிட்டே தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தனியாச் சாப்பிடுறது எனக்கு வீட்டுலயே இருக்கும்மா. அதுக்கு மெட்ராஸ் வரணுமா?"

என்னால் உட்கார முடியவில்லை. வேலை போய்விட்டால் வேறு யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? வழியில் நின்றுகொண்டிருந்த என்னை சர்வர் முறைத்தார். டீச்சர் அந்த இலையை எடுத்துவிடச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று குளத்துப் படியில் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

4. கைடு இல்லாத நாள்

மூன்றாம் நாள் காலை முதலாளி மறுபடி கூப்பிட்டார். "டீச்சர் இன்னிக்கு டூர் வேணாம்னுட்டாங்க. நேத்து ஏதாவது பிரச்சினையா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டீச்சரே போன் செய்தார்.

"டூரை கேன்சல் பண்ணிட்டேன். இன்னைக்கு நீங்க கைடு இல்ல, நான் கெஸ்ட்டும் இல்ல. ராத்திரி எனக்கு ரயிலு. மத்தியானம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வாங்க."

"லாட்ஜுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன் டீச்சர்."

"அப்ப நீங்க கைடு ஆயிருவீகல்ல? நானே வந்துருவேன்."

லஸ் ஸ்டாப்பில் முன்கூட்டியே போய் நின்றேன். பஸ்கள் வந்தன, போயின. டீச்சர் இறங்கவில்லை. மெட்ரோ தகரத் தடுப்புகளுக்கு நடுவில் ஊர்க்காரர்களே வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு சட்டத்துக்குப் பயந்து இந்தப் பெண்மணியைத் தனியாக அலையவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

எதிர்த்திசையிலிருந்து கேன்வாஸ் ஷூ வேகமாக நடந்து வந்தது. வேர்த்து ஊற்றியது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிட்டேன்மா. ஒரு பையன் டிக்கெட்டுக்குத் துட்டைக் குடுத்தான். சில்லறை திரும்பி வாரதுக்குள்ள லஸ் போயிருச்சு. அதை வாங்கிக் குடுக்காம எப்படி இறங்குறது?"

மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சாம்பாரில் புளி தூக்கல் என்று அவர் சொன்னார். அப்பளம் நமுத்துவிட்டது என்று நான் சொன்னேன். மோர் வரைக்கும் மெஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம். சேகர் அண்ணனுக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்ட மதியம் அதுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ரூட்டையும் ஸ்டாப்பையும் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தனியாக வருகிற கெஸ்ட் எதற்காக வந்திருக்கிறார் என்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். முதலாளியிடம் சண்டை போட்டு அந்தச் சட்டத்தில் ஒரு சலுகை வாங்கினேன்: கெஸ்ட்டே கூப்பிட்டால் உட்காரலாம், என் இலைக்கு நானே காசு கொடுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் தனியாக வருகிற கெஸ்ட்டிடம் மெஸ் வாசலில் நின்று, "எத்தனை இலை சொல்லட்டும்?" என்று கேட்கிறேன். கேள்வி புரியாமல் விழிப்பார்கள். பிறகு பெரும்பாலானவர்கள், "ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்று என்று சர்வரிடம் சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு குளத்துப் படிக்குப் போகிறேன்.