தலையசைப்பு செல்லாத கூடம்

ஓசூரில் இப்போது உடல்நலம் ஒரு நாகரிகமாகிவிட்டது. ஏரிக்கரையில் காலைநடை போகிறவர்கள் மணிக்கட்டைப் பார்த்துத் தம் இதயத் துடிப்பை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தொழிற்சாலைகளும் மாறிவிட்டன. தம் ஊழியர்களை அனுப்பும் மருத்துவமனையில், அவசரப் பிரிவுக்குப் பொறுப்பானவர் உயிர்காப்புப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கிருஷ்ணகிரியில் நானும் என் மனைவியும் நடத்தும் மருத்துவமனைக்கும் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் அவசரப் பிரிவின் வாசற்பலகையில், ‘பொறுப்பு மருத்துவர்’ என்ற சொற்களுக்குக் கீழே, தொடக்கம் முதல் என் பெயரே இருந்துவருகிறது. நான் தேறாவிட்டால் அதை எடுத்துவிட்டுத் தேறியவர் பெயரை எழுத வேண்டும். அது யாராக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மனைவி மயக்க மருந்து மருத்துவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், ஓட்டல் கூடமொன்றில் பயிற்சி; இருவருமே சேர்ந்திருந்தோம். நடத்தியவர் பெங்களூரிலிருந்து வந்த இளம் மருத்துவர். எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் தொழிற்சாலை மருத்துவமனைகளில் பணிபுரியும் இளைஞர்கள்.

காலையில் பொம்மையின் மார்பை அழுத்தும் பயிற்சி. சரியான ஆழத்தில் அழுத்தினால் அதன் தோளில் பச்சை விளக்கு எரியும். என் மனைவி மண்டியிட்டாள். பச்சை அணையவே இல்லை.

“எல்லாரும் மேடம் கையப் பாருங்க. முழங்கை மடங்கவே இல்ல. இப்படித்தான் வேணும்” என்றார் பயிற்சியாளர்.

என் முறை வந்தபோது விளக்கு மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே தடுமாறியது. “சாருக்கு முட்டி வலிக்குதா? ஸ்டூல் போடச் சொல்லட்டா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கல்லூரியில் அறுவை மருத்துவத்தில் தங்கப்பதக்கம் பெற்றவன் நான், அவள் பெறவில்லை. அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில், திரைக்குப் பின்னால், இத்தனை காலம் அமைதியாக நின்றவள் அவள். குணமடைந்தவர்கள் கைகூப்பியது என்னைப் பார்த்துத்தான். அன்று அந்தக் கூடம் முழுவதும் ‘மேடம், மேடம்’ என்று அவளைச் சூழ்ந்தபோது, என்னுடைய ஏதோ ஒன்றை அவள் கேளாமல் எடுத்துக்கொண்டதாகவே பட்டது.

அடுத்தது தேர்வு. பொம்மைதான் நோயாளி; ஒருவர் குழுத்தலைவர், மற்றவர்கள் அவர் ஆணைப்படி செய்ய வேண்டும். ஆணையைக் கேட்டவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததையும் சொல்ல வேண்டும். குழுத்தலைவராக என் மனைவியை நிறுத்தினார்கள். மருந்து ஏற்றும் பணி எனக்கு.

“டாக்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம்” என்றாள், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் என்னை டாக்டர் என்று அழைத்தது அதுவே முதல் முறை. நான் தலையை அசைத்துவிட்டு மருந்தை ஏற்றினேன். பதில் வராததால், எதிர்ப்புறம் நின்ற இளைஞரிடம் அவள் அதே ஆணையைக் கொடுத்தாள். அவரும் ஏற்றினார்.

பயிற்சியாளர் கையைத் தூக்கினார். “நிறுத்துங்க. பேஷண்டுக்கு ரெண்டு டோஸ் போயிடுச்சு. சார், தலை ஆட்டினா ஆகாது. வாய் தெறந்து சொல்லணும். மதியம் திரும்ப ஒரு தடவ பண்ணுங்க.”

“வீட்ல மேடம் சொன்னாலும் சார் இப்படித்தான் போல” என்றார் அந்த இளைஞர். கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சாப்பாட்டு மேசையில் இளைஞர்களின் கேள்விகளிலிருந்து விடுபட்டு, தட்டோடு என்னிடம் வந்தாள்.

“ஏங்க, நான் சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சு.”

“பின்ன வாயத் தெறக்கறதுக்கு என்ன?”

“மருந்து ஏத்தினேன்ல.”

“நான் மானிட்டரப் பாத்துட்டிருக்கேன். நீங்க ஏத்தினது எனக்கு எப்படித் தெரியும்? அத்தன பசங்க முன்னாடி நான் சொல்லி நீங்க கேக்கறதான்னு இருந்துச்சா?”

நான் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பலகையில் அவள் பெயர் எப்படி இருக்கும் என்று மனம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்துகள் என் பெயரைவிடக் குறைவு, பெரிதாகவே எழுதலாம்.

பிற்பகலில் அதே குழு, அதே ஆணை.

“அட்ரினலின் ஒரு மில்லிகிராம்” என்று கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். ஏற்றினேன். “கொடுத்தாச்சு, மேடம்.”

தேறினேன். சான்றிதழைக் கொடுத்துப் பயிற்சியாளர் என் கையைக் குலுக்கினார். பின்னர் என் மனைவியின் பக்கம் திரும்பி, “மேடம், நீங்க ட்ரெய்னர் கோர்ஸ் முடிங்க. எங்களோட வந்து கிளாஸ் எடுக்கணும்” என்றார். என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், குருபரப்பள்ளி தாண்டியதும் அவள் சொன்னாள்: “போர்டுல உங்க பேரே இருக்கட்டும். எனக்கெதுக்கு அது?”

என் பெயரே இருக்கட்டும் என்று அவளிடம் எப்படிக் கேட்பது எனச் சூளகிரியிலிருந்து சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் பகல் முழுவதும் காத்த ஒன்று அவளுக்கு வேண்டியதாகவே இருக்கவில்லை. அவளுக்கிருந்த அந்த அலட்சியம்கூட எனக்கு வாய்க்கவில்லை என்பதுதான் அன்று என்னை அதிகம் வதைத்தது.

பலகையில் இன்றும் என் பெயரே இருக்கிறது. இப்போது அவள் பயிற்சியாளர். வகுப்புகள் எங்கள் மருத்துவமனை மாடியிலேயே நடக்கின்றன. அந்தப் பலகைக்குக் கீழே நான் நிற்கும்போது இளம் மருத்துவர்கள் வந்து, “சார், மேடம் இருக்காங்களா?” என்று கேட்கிறார்கள்.

நான் தலையை மட்டும் அசைக்கிறேன்.