ஏறக்குறைய போட்ட பாதை

வருங்கால மருமகளின் பெயரை அத்தை முதலில் கேட்டது மகனின் வாயால்தான்.

"ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. 'ஏறக்குறைய'ன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவளத்தான் கட்டிக்கப் போறேன்."

"அது என்னடா பேரு, இருமல் மருந்து மாதிரி?"

பெயர் சும்மா வரவில்லை. இணையக் கம்பி புதைக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இணைப்புக் கேட்ட வீடுகளை எல்லாம் எந்தத் தெருக்கள் வழியாகத் தோண்டினால் குறைந்த நீளத்தில் இணைக்கலாம் என்று அவள்தான் பார்க்க வேண்டும். முழு நகரத்துக்கும் ஆகச் சிறந்த பாதைதான் வேண்டும் என்றால் கணினி மாதக்கணக்கில் மென்றுகொண்டே கிடக்கும். அவள் கையாண்ட முறையோ காப்பி ஆறுவதற்குள் ஏறக்குறைய நல்ல பாதை ஒன்றைத் தந்துவிடும்.

தலைமைப் பொறியாளருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"சிறந்த பாதையப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் நீளலாம்னு உங்க புத்தகமே சொல்லுதேம்மா?"

"அது ரொம்ப மோசமாப் போனா சார். நடைமுறையில அவ்ளோ போகாது."

"போச்சுன்னா இந்த வேலைய வெளியாளுக்குக் குடுத்துடுவேன். நீ கீழ புகார் கவுன்டர்ல உக்காரு."

சின்னச் சின்னப் பேட்டைகளில் போட்டுப் பார்த்தாள். சிறந்த பாதைக்கும் அவளுடையதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். அந்தத் தைரியத்தில் முழு நகரத்தையும் ஓட்டினாள். இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது என்று ஓர் அடிமட்ட அளவையும் அந்த முறையே சொல்லும். வந்து விழுந்த பாதை அதைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டி நின்றது.

"கீழ ஃபேன் கூட கிடையாது, பாத்துக்கோ" என்றார் பொறியாளர், சிரிக்காமல்.

இரண்டு மடங்கைத் தாண்ட இந்த முறையில் வழியே இல்லையே என்று அவளுக்குக் குழப்பம். பாதையின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இணைப்பே கேட்காத சந்துக்குள் எல்லாம் கம்பி போய் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் உறைத்தது. இந்த முறையில் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் கிளைகள் வளரும். அவை ஒன்றோடொன்று சேர்ந்ததும் வேண்டாதவற்றைக் கழித்துவிட வேண்டும். ஏதோ சோதனைக்காக அந்தக் கடைசிப் படியை நிறுத்தி வைத்தவள், திரும்பப் போட மறந்திருந்தாள். பேட்டைகளில் கழிக்கவே ஒன்றும் இல்லாததால் குட்டு வெளிப்படவில்லை.

"தப்பு என்னோடது சார், முறையோடது இல்ல" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே கழித்துக் காட்டினாள். பாதை சுருங்கி, அடிமட்ட அளவுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"தோண்டச் சொல்லு" என்றார். ஒரு பாராட்டு வரவேண்டுமே, ஊஹூம்.

கல்யாணமும் ஆயிற்று. எத்தனை மணிக்கு வருவாய் என்று அத்தை போனில் கேட்டால், இன்றைக்கும் "ஏறக்குறைய ஆறு, அத்தை" என்றுதான் பதில். அவள் இப்போதும் அதே மாடியில், அதே மேசையில்தான் வேலை பார்க்கிறாள்.