துணைக்கு ஆள்

அமலோற்பவமேரி டீச்சருக்கு முப்பத்தெட்டு வயசாகியும், ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாக உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. வரதராஜன்பேட்டையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன், அண்ணி, ஆறு பிள்ளைகள், போதாக்குறைக்கு முந்திரிக்கொட்டை மூட்டைகள். படுத்தால் ஒரு பிள்ளையின் கால் வயிற்றில், இன்னொன்றின் கை மூக்கில். பள்ளிக்கூடம் போனால் மூன்று வகுப்பை ஒரே கொட்டகையில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்த வேண்டும். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது ஊரே அதைப் பக்தி என்றது. பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இன்னும் பத்துப் பேரைப் புதுசாகச் சேர்த்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பச்சைமலை மேல், பாதிரிச் சாமியார்கள் கோடைக்குத் தங்கும் பங்களாவுக்குப் பின்னால், காட்டுக்குள் ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க இடம் மிஞ்சும். மூலையில் ஓர் அடுப்பு. மிஷன் பள்ளிக்கூட டீச்சர்மார் முறை வைத்து, ஆளுக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்ளலாம். உலகச் சண்டை முடிந்து ரேஷன் முடியாமல் கிடந்த அந்த வருஷம்தான் அமலோற்பவத்தின் முறை வந்தது. மூன்று கோடையாகக் காத்துக் கிடந்தவள் அவள்.

"பொம்பள தனியாவா? காட்டுலயா?" என்றான் அண்ணன். "அண்ணியத் துணைக்குக் கூட்டிட்டுப் போ."

"எனக்கு எதுக்குண்ணே துணை? காவக்காரன் குடும்பம் பக்கத்துலயே இருக்கு."

அண்ணன் ரெண்டு பேருக்கு வண்டி பேசப் போய்விட்டான். அண்ணி சூசையம்மாளுக்குக் காடு என்றாலே உதறல். ஆகவே துணைக்கு வருகிறவளுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அவள் தன் சின்னம்மா செல்வம்மாளைக் கூப்பிட்டாள். செல்வம்மாள் வீட்டில் ஒரு கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூடையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மலை அடிவாரத்தில் அந்தக் கூடையை யார் தலையில் ஏற்றியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கட்டிலில் அண்ணி. தரையில் சின்னம்மா. கட்டிலுக்கு அடியில் கோழி. மூன்று கோடை காத்திருந்த டீச்சர் அடுப்பு மூலையில், காலை மடக்கிக்கொண்டு. வெளியே மூங்கில் காட்டில் காற்று புகுந்து என்னமோ சொன்னதாம், யாருக்குக் கேட்டது? சிறுத்தை வராமல் இருக்க வேண்டுமென்று சின்னம்மா பொழுது சாய்ந்ததிலிருந்து உரக்க ஜெபமாலை சொன்னாள். அண்ணிக்குக் குளிருக்கு வெந்நீர், வெந்நீருக்கு விறகு, விறகுக்கு அமலோற்பவம்.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்க மாட்டாமல், ஒரு கடுக்காய் மரத்தடியில் போய் உட்காரலாம் என்று படி இறங்கினாள்.

"எங்க போற தனியா? இரு, நானும் வரேன்" என்றாள் அண்ணி.

"அப்ப நான் மட்டும் ஒத்தையில கெடக்கவா?" என்று சின்னம்மாவும் எழுந்தாள்.

கோழியை நரி தூக்கிவிடும் என்று கூடையும் வந்தது. மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்து, ஜெயங்கொண்டம் சந்தையில் மிளகாய் விற்ற விலையைப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். அமலோற்பவத்துக்கு வாய்வரை வந்ததை முழுங்கி முழுங்கி நெஞ்சே கரித்தது.

கடைசிக்கு முந்தின நாள், குளிர் தாங்காமல் சின்னம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போகலாம் என்று ரெண்டு பேரும் கோழிக்கூடையோடு மூட்டை கட்டினார்கள். காவல்காரன் பெரம்பலூர்வரை கூட்டிப்போய் பஸ் ஏற்றுகிறேன் என்றான்.

"நீயும் கெளம்பு. உனக்கு யாரு துணை?" என்றாள் அண்ணி.

"அடுத்த முறைக்காரி லீலா மேரி டீச்சர் இன்னிக்கே வந்துடுவா அண்ணி" என்றாள் அமலோற்பவம். பச்சைப் பொய். லீலா மேரிக்கு நாளைக்குத்தான் முறை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டாள்.

அவர்கள் வளைவு திரும்பியதும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். நாளை மத்தியானம்வரை அவளுடையது. மூச்சு ஒன்றை முழுசாக இழுத்து விடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

தகரப் பெட்டியோடு லீலா மேரி நின்றுகொண்டிருந்தாள். ஏலாக்குறிச்சியில் வேலை பார்க்கிற சின்ன வயசு டீச்சர்.

அமலோற்பவம் அத்தனை நாள் முழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. "எனக்குத் துணை வேணாம். யாரும் வேணாம். ஒரே ஒரு நாள் என்னைச் சும்மா விடுங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

லீலா மேரி பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"நான் துணைக்கு வரலைங்க டீச்சர். எங்கம்மா எனக்குத் துணைக்கு வரேன்னு அரிசி புடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அமலோற்பவம் டீச்சர் அங்கதான் இருக்காங்க, என் வாரத்துலயும் என்கூட இருப்பாங்கன்னு சொல்லிட்டு ஒரு நாள் முன்னாடியே ஓடியாந்துட்டேன். இன்னிக்கு நான் காவக்காரர் வூட்டுல படுத்துக்கறேன்."

அமலோற்பவம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். 'உள்ள வா' என்று பழக்கத்தில் வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

"ஊருக்குப் போறப்ப ஏலாக்குறிச்சிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்றாள் லீலா மேரி. "உங்கள அங்க பார்த்தாங்கன்னா எங்கம்மா அன்னிக்கே மலை ஏறிடுவாங்க."

"வரமாட்டேன் தாயி. நீ மொதல்ல எடத்தக் காலி பண்ணு" என்று சொல்லி அமலோற்பவம் கதவைச் சாத்தினாள்.