தகரத்தில் பெய்த மழை

மனிதர்களே இல்லாத உலகத்தைப் பற்றி ஒரு நாடகம் செய்திருந்தேன். நடிகர்கள் எல்லாரும் சாமான்கள். அறுந்த ரப்பர் செருப்பு தவளை, வளைந்த அரிவாள் கொக்கு, சொட்டுநீர்க் குழாய் பாம்பு. நான் கறுப்புச் சட்டையோடு மேசைக்குப் பின்னால் நின்று, கண்ணில் படாமல் அவற்றை நடமாட விட வேண்டும். என் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றிருந்தாள்.

“மனுஷனே இல்லாத உலகத்துல உங்க தொப்ப இன்னாத்துக்கு வெளிச்சத்துக்கு வருது?” என்றாள் ஒத்திகையில். நாடகத்துக்கு ஒலி அவள்தான்.

திண்டிவனத்தில் முதல் காட்சியின்போது பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை. அடுத்த காட்சிக்கு மண்டகப்பட்டு வரும்போது பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்: “மண்டகப்பட்டுலயும் ஜனங்க எழுந்து போனா, இத்த மூட்ட கட்டிட்டு பழையபடி காமெடி நாடகமே போடலாங்க.”

“ஒருத்தரும் அசைய மாட்டாங்க, பாரு” என்றேன். பஸ்ஸில் பேசும்போது நான் எப்போதுமே மேதை.

மண்டகப்பட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியிருந்த சமயம். ரோட்டோரம் காயப் போட்டுவிட்டு, மதியம் ஊரே சமுதாயக் கூடத்துக்கு வந்தது. இருட்டுக்காக ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தோம். வறண்ட குட்டையில் செருப்புத் தவளை வாயைத் திறந்து திறந்து மூடியது. “ஐய, பாவம்” என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். மனைவியை வெற்றியோடு பார்த்தேன். அவள் மழையைத் தொடங்கினாள். முறத்திலிருந்த கேப்பையைத் தகரத்தின்மேல் சரித்தாள். முதலில் தூறல், பிறகு சடசடவென்று.

“யம்மா, மல்லாட்ட நனையுது” என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். கூடம் காலி. ஓடின வேகத்தில் யாரும் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை போல; வெளியே தார்ப்பாயை இழுக்கும் சத்தம். உள்ளே செருப்பு, அரிவாள், குழாய். என் நாடகத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான் கூடுதல்.

“எழுந்து போயிட்டாங்க” என்றாள் மனைவி.

“நம்பிட்டாங்க” என்றேன்.

சற்று நேரத்தில், முன்வரிசையில் இருந்த பெண் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். பின்னால் மற்றவர்கள்.

“ஏன்யா, வெயிலு கொளுத்துது. எங்கய்யா மழ?”

மனைவி தகரத்தையும் முறத்தையும் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் இரண்டையும் பார்த்தாள். பிறகு என் தொப்பையைப் பார்த்தாள்.

“மூடின மல்லாட்டைய மறுபடியும் பிரிச்சிப் போட்டுட்டு வர்றோம். நல்லா பேஜாரு புடிச்ச ஆளு” என்றவள், படியிறங்கும்போது திரும்பினாள். “நாங்க வர்ற வரிக்கும் அந்தத் தவளைய ஆட்டாத. அது இன்னா ஆச்சின்னு பாக்கணும்.”

எல்லாரும் வந்தார்கள். வேலி ஓரத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மனைவி மறுபடியும் கேப்பையைச் சரித்தாள். ஒருவரும் எழவில்லை. முன்வரிசைப் பெண் மட்டும், தவளையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்து ஜன்னல் சாக்கை விலக்கி ஒரு கையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.